பூசி, வெட்டி, ஒட்டி: பிள்ளைகளோடு படக்கதைப் புத்தகம் செய்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவியிலிருந்து அம்பாசமுத்திரம் வரைக்கும் சில பள்ளிக்கூடங்களில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளோடு உட்கார்ந்து, தாளுக்கு வண்ணம் பூசி, அதை வெட்டி ஒட்டிக் கதைப் புத்தகம் செய்து வருகிறேன். வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கையில் கேட்பது, ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வருவது எல்லாம் பார்த்தால் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப அவையேதான். பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

டீச்சர், இது நாம சின்ன வயசுல கைவேலை பீரியட்ல கலர் பேப்பர் வெட்டி ஒட்டுனது தானே?

பாதி அதுதான். கடையில் வாங்கும் வழவழப்பான கலர் பேப்பரில் ஒரு பச்சை என்றால் மூலைக்கு மூலை அதே பச்சை. அதில் ஒரு மரம் வெட்டினால் மரம் மாதிரி வடிவம் கிடைக்கும், அவ்வளவுதான். இங்கே தாளுக்கு நாமே வண்ணம் பூசுகிறோம். தூரிகை போன தடம், சீப்பு இழுத்த கோடு, தண்ணீர் கூடிப்போய் வெளுத்த இடம் எல்லாம் தாளிலேயே இருக்கும். அதிலிருந்து மரம் வெட்டும்போது பட்டையும் வெயிலும் நிழலும் சேர்ந்தே வந்துவிடும்.

வெட்டி ஒட்டுவது சின்னப் பிள்ளை வேலை என்று யாராவது முகம் சுளித்தால் மத்தீஸ் கதையைச் சொல்லுங்கள். பிரான்ஸின் பெரிய ஓவியர். 1941-இல் பெரிய அறுவை சிகிச்சை நடந்த பிறகு அதிக நேரம் நின்று வரைய அவரால் முடியவில்லை. உதவியாளர்களை வைத்துத் தாள்களுக்கு வண்ணம் பூசச் சொல்லி, உட்கார்ந்தபடியே கத்தரியால் வெட்டினார். 1953-இல் அவர் செய்த 'நத்தை' ஏறக்குறைய 3 மீட்டர் உயரம்.

எனக்கே படம் வரைய வராது. வரையத் தெரியாத பிள்ளையள வச்சு எப்படிச் செய்ய?

இந்த வேலைக்கு வரையத் தெரியாதவர்கள்தான் சௌகரியம். நன்றாக வரைகிற பிள்ளை முதலில் பென்சிலை எடுக்கும், முழுப் படத்தையும் கோடு போட்டு முடிக்கும், அப்புறம் அந்தக் கோட்டுக்குள் தாளைச் சொருகப் பார்க்கும். கடைசியில் படம் செத்துப்போயிருக்கும். வரையத் தெரியாத பிள்ளை ஒரு நீளத் துண்டை எடுத்து வைக்கும், ஒரு உருண்டையை எடுத்து வைக்கும், நகர்த்தும், கொக்கு வந்துவிடும். ஒட்டுகிற வரைக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், ரப்பர் தேவையில்லை.

தாள் எது வாங்கணும்? சார்ட் பேப்பர் போதுமா?

இரண்டு வகை வேண்டும். பூசி வெட்டுவதற்கு மெல்லிசு, அடியில் ஒட்டுவதற்குக் கெட்டி. பூச சாதாரண ஏ4 தாள் போதும். ஒரு பக்கம் எழுதின பழைய பரீட்சைத் தாளே அதைவிட நல்லது, கெட்டுப்போனாலும் பிள்ளைகள் பயப்படாது. பட்டம் செய்கிற மெல்லிய தாளில் பூசினால் வண்ணம் ஊடுருவி, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டும்போது அடியில் இருப்பது மங்கலாகத் தெரியும். ஆற்றுத் தண்ணீருக்கு அதை மிஞ்சினது கிடையாது. ஆனால் நனைந்தால் கிழியும், பெரிய பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

அடித்தாளுக்கு 200 ஜி.எஸ்.எம்முக்கு (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) மேல் உள்ள டிராயிங் தாள். கையில் காசில்லை என்றால் போன வருஷத் தினசரி காலண்டர் அட்டை.

சார்ட் பேப்பரில் பூசி வெட்டலாம்தான். நாலு துண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறினதும் பக்கம் இட்லி மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும்.

போஸ்டர் கலர் இருக்கு. அக்ரிலிக்தான் வேணும்னு ஒருத்தர் சொல்லுதாவ. எது சரி?

போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும். பசை தடவும்போது சிவப்பு இறங்கி மஞ்சளில் கலந்துவிடும், பிள்ளை விரலில் ஒட்டி வானமெல்லாம் கைரேகை. அக்ரிலிக் காய்ந்துவிட்டால் கரையாது. அதனால் அவர் சொன்னது சரி. விலை கூட.

நான் செய்வது நடுவழி. நாலு பங்கு போஸ்டர் கலருக்கு ஒரு பங்கு வெள்ளை ஃபெவிகால் கலந்துகொள்வேன். காய்ந்தபின் ஈர விரலால் தேய்த்துப் பார்த்தால் முன்னளவுக்கு வராது. ஒரே ஒரு எச்சரிக்கை: தூரிகையை அப்போதே கழுவ வேண்டும். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது என்று அப்படியே போட்டுவிட்டு ஓடினதில் ஒரு டஜன் தூரிகை கம்பியாகிப்போன கதை எனக்கு உண்டு.

பூசுறதுக்கு முன்னால என்ன படம்னு முடிவு பண்ணிக்கிடணும்லா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நான் பிடிவாதமாகச் சொல்வேன் என்றால் அது இதுதான். முதல் நாள் முழுக்கத் தாள் பூசுகிற நாள். யானை, மலை, வீடு என்று பேச்சே எழக்கூடாது. 'இது யானைக்கு' என்று நினைத்த உடனே எல்லாக் கையும் ஒரே சாம்பல் நிறத்தைச் சமமாகப் பூச ஆரம்பித்துவிடும். எதுக்கு என்று தெரியாமல் பூசினால்தான் கை விளையாடும்.

தடம் பதிக்கக் கடைக்குப் போக வேண்டாம். பல் போன சீப்பு, தேங்காய் நார், பீர்க்கங்கூடு, பழைய டூத் பிரஷ். நுங்கு தின்றபின் மிஞ்சும் கூந்தலை, அதாவது நார்க் கூட்டை, காயவைத்து நுனியைத் தட்டினால் முரட்டுத் தூரிகை. வாழை மட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், உள்ளே அறை அறையாகக் காற்றுக் கண்கள் இருக்கும். வண்ணத்தில் தொட்டு அழுத்தினால் தேன்கூடும் மீன் செதிலும் வரும். வெண்டைக்காய் எல்லோருக்கும் தெரியும், ஆனால் எல்லோரும் அதைப் பூவாகவே அழுத்துகிறார்கள். வெண்டைக்காயைப் படுக்கவைத்து உருட்டினால் வேறு ஒரு கோடு கிடைக்கும். பத்தமடைப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கோரைத் துணுக்கு கொண்டு வருவார்கள். அதை ஈர வண்ணத்தின் மேல் பரப்பி எடுத்தால் பாய் பின்னலே பதிந்துவிடும்.

பச்சைக்கு மட்டும் தனியாக அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஆற்றுப் பாசனத்து ஊரில் இருந்துகொண்டு டப்பாப் பச்சையை அப்படியே பூசினால் எனக்குக் கோபம் வரும். நாற்றங்கால் பச்சையில் மஞ்சள் தூக்கல். நட்டு ஒரு மாசம் ஆன பயிரில் நீலம் எட்டிப் பார்க்கும். பிசானப் பருவத்து நெல் கதிர் வாங்கித் தலை சாய்கிறபோது பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. பிள்ளைகளை வயலோரம் கூட்டிப்போய்க் கேளுங்கள், ஏழெட்டுப் பச்சை சொல்வார்கள். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலின் சிவப்பும் இப்படித்தான், காலையில் ஒன்று, உச்சி வெயிலில் ஒன்று.

பூசினதும் தாள் அப்பளமா சுருளுதே, என்ன செய்ய?

கேட்டவர் அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சிக்காரர், உவமைக்கு அவருக்கு உரிமை உண்டு. ஒரு பக்கம் மட்டும் நனைவதால் அந்தப் பக்கத்து நார் உப்புகிறது, காயும்போது வண்ணம் இறுகி இழுக்கிறது. தாள் சுருள்கிறது. முக்கால்வாசி காய்ந்ததும் பின்பக்கம் வெறும் தண்ணீரை லேசாகத் தடவி, இரண்டு செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே அகராதியோ அம்மிக்குழவியோ ஏற்றிவிடுங்கள். மறுநாள் தகடாக இருக்கும். வண்ணத்தில் தண்ணீர் குறைந்தால் சுருளும் குறையும்.

மைதா கூழ் காய்ச்சி ஒட்டலாமா? போஸ்டர் ஒட்டுதவங்க அதத்தான காய்ச்சுதாங்க?

அவர்கள் காய்ச்சும் கூழில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவது உண்டு. அது விஷம். பிள்ளைகள் கைபடும் கூழில் ஒரு சிட்டிகைகூடக் கூடாது. பெரியவர் யாராவது உதவி என்று சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வெறும் மைதா என்றால் தாராளமாகக் காய்ச்சலாம். ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு மேஜைக்கரண்டி மாவு, பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகுதான் அடுப்பு. கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி, முழுக்க ஆறவிட வேண்டும். அன்றன்றைக்குக் காய்ச்சியது அன்றன்றைக்கே, மறுநாள் புளித்துவிடும். கூழ் பட்டால் அக்ரிலிக் தாளுக்கு ஒன்றும் ஆகாது, வெறும் போஸ்டர் கலர் என்றால் மேலே சொன்ன கலங்கல்தான். பழகுவதற்குக் கூழ், வைத்துக்கொள்ள வேண்டிய படத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்ட ஃபெவிகால். பசையைத் துண்டின் ஓரம் வரைக்கும் தடவுங்கள். நடுவில் பொட்டு வைத்து ஒட்டினால் ஓரம் வாய் பிளக்கும்.

ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குக் கத்தரி குடுக்கப் பயமா இருக்கு. கிழிச்சே செய்யலாமா?

செய்யலாம், பல இடத்தில் கிழிப்பதுதான் அழகு. மேகம், மலை, ஆட்டு ரோமம், ஆற்றுக் கரை எல்லாம் கிழித்தால்தான் உயிர். வண்ணம் பூசிய தாளைக் கிழிக்கும்போது இரண்டு துண்டில் ஒன்றுக்கு வெள்ளை ஓரம் வரும், மற்றதற்கு வராது. ஒரு தடவை கிழித்து எந்தக் கைத் துண்டுக்கு வருகிறது என்று பார்த்துக்கொண்டால் அப்புறம் நமக்கு வேண்டியபடி. மணிமுத்தாறு அருவியை ஒரு பிள்ளை வெள்ளை ஓரத்தை மட்டும் வைத்தே செய்தது. தாளுக்கு நார் ஓட்டம் என்று ஒன்று உண்டு. செய்தித்தாளை ஒரு வாக்கில் கிழித்தால் நேராக வரும், மறுவாக்கில் கோணிக்கொண்டு போகும். அதைக் கண்டுபிடிப்பதே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு.

கத்தரி கொடுத்தால் மொட்டை முனைக் கத்தரி. வளைவு வெட்டும்போது கத்தரியைத் திருப்பக்கூடாது, அது ஒரே இடத்தில் நிற்க, தாளைத் திருப்ப வேண்டும். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் வட்டம் வட்டமாக வரும்.

எங்க பள்ளிக்கூடம் ராதாபுரம் பக்கம். ஆடிக் காத்துல ஒரு துண்டு நிக்க மாட்டேங்குது!

காற்றாலை நட்டிருக்கிற ஊரில் காற்று அடிக்கத்தான் செய்யும். ஆளுக்கொரு டிபன் தட்டு கொடுத்துத் துண்டுகளை அதில் போடச் சொல்லுங்கள். ஒட்டும்முன் அடுக்கிப் பார்க்கையில் ஒவ்வொன்றின் மேலும் ஒரு புளியங்கொட்டை. ஃபேனை நிறுத்துங்கள்.

கதைய முதல்ல எழுதணுமா, படத்த முதல்ல செய்யணுமா?

பூசிய தாள்களைத் தரையில் பரப்பிவைத்துவிட்டு, 'இதுல எது எங்க இருக்கும்?' என்று கேளுங்கள். கதை அங்கே ஆரம்பிக்கும். நாங்குநேரிப் பக்கம் ஒரு வகுப்பில் சாம்பல் தாளில் சீப்பால் இழுத்திருந்த கோட்டைப் பார்த்து ஒருத்தி 'கூந்தன்குளம், தண்ணி வத்துற நேரம்' என்றாள். பறவைகள் வந்து கூடு கட்டும் ஊர் அது. பக்கத்தில் இருந்தவன் ரோஸ் கலர் தாளைத் தூக்கி 'அப்ப இது நாரைக்கு' என்றான். சங்குவளை நாரையின் வால் பக்கத்து இறகில் அந்த ரோஸ் இருக்கும், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. ஊருக்குள் மரத்தில் கூடு, தவறி விழுந்த குஞ்சு, யார் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது என்ற சண்டை என்று அரைமணி நேரத்தில் எட்டுப் பக்கத்துக்குக் கதை கிடைத்தது. வெள்ளைத் தாளைக் கொடுத்து 'கதை எழுதுங்கள்' என்றிருந்தால் 'ஒரு ஊர்ல ஒரு ராஜா' வந்திருக்கும்.

படக்கதைன்னா 32 பக்கம் இருக்கணுமாமே?

அது அச்சுக்கூடக் கணக்கு. பெரிய தாளை மடித்து மடித்து 16 பக்கம் ஒரு ஃபாரம் ஆகிறது, இரண்டு ஃபாரம் 32. உலகம் முழுக்கப் பல படப் புத்தகங்கள் அந்த அளவில் வருவதற்கு அதுதான் காரணம். வகுப்பில் செய்வதற்கு 8 அல்லது 12 பக்கம் போதும். ஒரு தாளை நடுவில் மடித்தால் 4 பக்கம், ஆகவே நாலின் மடங்காக இருந்தால் நடுவில் பின் அடித்துவிடலாம். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாகச் செய்தால் நடு மடிப்பில் முகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் முதல் புத்தகத்தில் ஆட்டுக்குட்டியின் மூக்கு மடிப்புக்குள் போய், பாதிப் பேர் அது பன்றிக்குட்டி என்றே நினைத்தார்கள்.

முதல் பக்கத்துல இருக்க பாட்டி மூணாம் பக்கத்துல வேற யாரோ மாதிரி ஆயிருதா. எப்படிச் சரி பண்ண?

பாட்டியின் தலை, உடல், கை ஆகியவற்றுக்குத் தனித்தனியாக அட்டையில் அச்சு வெட்டி வைத்துக்கொண்டு, பக்கம்தோறும் அதைச் சுற்றி வரைந்து வெட்டுங்கள். சாய்வை மட்டும் மாற்றினால் நடப்பாள், உட்காருவாள். அதைவிட முக்கியம், சேலை எல்லாப் பக்கத்திலும் ஒரே தாளிலிருந்து வர வேண்டும். முகம் கொஞ்சம் மாறினால் வாசிக்கிற பிள்ளை கண்டுகொள்ளாது, சேலை மாறினால் ஆளே மாறிவிடுவாள். அதனால் முக்கிய ஆட்களுக்கான தாளை முடிவு செய்ததும் அதே மாதிரி இன்னும் இரண்டு பூசி வைத்துவிடுங்கள். தடம் பதித்த தாளை இரண்டாம் தடவை அச்சு அசலாகச் செய்ய யாராலும் முடியாது.

முகத்துக்கு 'ஸ்கின் கலர்' பேப்பர் எது டீச்சர்னு கேக்காவ. என்ன சொல்ல?

கிரேயான் பெட்டி சொல்லிக்கொடுத்த பாடம் இது. பெட்டியில் அந்தப் பெயரில் வரும் வெளிறிய ரோஸ் எங்கள் வகுப்பில் ஒருத்தர் தோலிலும் இல்லை. சிவப்பு, மஞ்சள், துளி நீலம் கலந்தால் பழுப்பு வரும். அதிலிருந்து ஒவ்வொருவரும் தன் மணிக்கட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கலக்கட்டும். அன்றைக்கு வகுப்பில் சிரிப்பும் உண்டு, 'நான் அவனைவிடக் கருப்பா?' என்ற சின்ன அழுகையும் உண்டு. அவசரப்படாதீர்கள். முப்பது பேர் தாளையும் வரிசையாகக் கம்பியில் காயப்போட்டபோது, ஒரு பையன் நின்று பார்த்துவிட்டு 'கருப்பட்டிக் கடை மாதிரி இருக்கு' என்றான். அதற்குப் பிறகு ரோஸ் தாளை யாரும் கேட்கவில்லை.

பனைமரம் செய்யச் சொன்னா எல்லாரும் தென்னமரம் செய்தாவ. எப்படிச் சொல்லிக்கொடுக்க?

வெளியே கூட்டிப்போய் நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள், இங்கே எங்கு நின்றாலும் ஒரு பனை தெரியும். தென்னோலை சீப்பு, பனையோலை விசிறி. பூசிய தாளை விசிறிக்கு மடிப்பது போல மடித்து, நுனியைச் சாய்வாக வெட்டி, விரித்தால் ஓலை தயார். ஏழெட்டு விசிறியை உருண்டையாகச் சுற்றி ஒட்டுங்கள். அடியில் காய்ந்து தொங்குகிற ஓலைக்குக் காவித் தாளில் இரண்டு வைத்தால் மரத்துக்கு வயசும் வந்துவிடும்.

கோணலா ஒட்டினத டீச்சர் கொஞ்சம் சரி பண்ணிக் குடுத்தா என்ன தப்பு?

ஒரு தடவை செய்தேன். ஒரு பையன் செய்த எருமைக்கு முன்கால் மடங்கி இருந்தது. பசை காயும்முன் நேராக்கி வைத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகம் முடிந்து வாசித்தபோதுதான், அந்த எருமை வாய்க்காலில் இறங்குவதாக அவன் எழுதியிருந்தது தெரிந்தது. நான் அதைக் கரையிலேயே நிறுத்திவிட்டிருந்தேன்.

இப்போதெல்லாம் 'இது என்ன செய்யுது?' என்று மட்டும் கேட்கிறேன். துண்டு விழப்போனால் பசை நீட்டுவேன்.

மொபைல்ல போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டா நல்லா வருமா?

வகுப்புக்குள் சுற்றுவதற்கு என்றால் வரும். வீட்டு நிழலில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், படத்தைத் தரையில் வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். மிகக் கிட்டப் போனால் ஓரம் வளையும். கொஞ்சம் எட்ட நின்று பெரிதாக்கி எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் அக்ரிலிக் மினுங்கும்.

அச்சுக்குக் கொடுப்பதானால் ஸ்கேன்தான். அதே அளவில் அச்சாக 300 டி.பி.ஐ. (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு), இரண்டு மடங்கு பெரிதாக்க 600. கட்டிங்கில் போவதற்கு நாலு பக்கமும் 3 மில்லிமீட்டராவது படம் கூடுதலாக இருக்கட்டும். எழுத்தைப் படத்தின் மேல் ஒட்டிவிடாதீர்கள். இடம் மட்டும் விட்டுவைத்து, பிறகு கணினியில் சேர்த்தால் பிழை திருத்தலாம். பளீரென்ற ஒளிர் வண்ணங்கள் அச்சில் மங்கித்தான் வரும், அதற்காக அச்சகத்தாரோடு சண்டைக்குப் போகவேண்டாம்.

எரிக் கார்ல் படம் மாதிரியே செய்யலாமா? கூகுள்ல இருக்க மயிலப் பாத்து வெட்டினா தப்பா?

எரிக் கார்ல் பசியெடுத்த புழு ஒன்றின் கதையால் பேர்பெற்ற அமெரிக்கப் படக்கதைக்காரர். மெல்லிய தாளில் அக்ரிலிக் பூசி, காய்ந்தபின் வெட்டி ஒட்டுவது அவர் முறை. முறை யாருக்கும் சொந்தமில்லை, தாராளமாகச் செய்யுங்கள். அவருடைய புழுவையே செய்து புத்தகமாகப் போட்டால்தான் தப்பு. மயில் கதையும் அப்படியே. பத்துப் படம் பார்த்துக் கழுத்து எப்படி வளைகிறது என்று தெரிந்துகொள்வது வேறு, ஒருவர் எடுத்த புகைப்படத்தின் மேல் தாளை வைத்து வரைவது வேறு. நம் ஊர்களில் மயில் வயலில் இறங்கிப் பயிரைக் கொத்துகிறது, கூகுள் எதற்கு?

இதே சட்டம் பிள்ளைகளுக்கும் உண்டு. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தைச் செய்தவருக்கே உரிமை, ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 வருஷத்துக்கும். செய்தது ஏழு வயசுப் பிள்ளை என்பதால் அது பள்ளிக்கூடத்துச் சொத்தாகிவிடாது. வெளியில் அச்சிடுமுன் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பிள்ளை பெயரைப் போடுங்கள்.

ஒட்டின படத்த லேமினேஷன் பண்ணி வச்சா கெடாதுல்லா?

சூட்டில் அழுத்துகிற லேமினேஷன் துண்டுகளின் மேடு பள்ளத்தை நசுக்கிவிடும், இடையில் காற்றுக் குமிழும் நிற்கும். படங்களுக்கு நடுவில் ஒவ்வொரு வெள்ளைத் தாள் வைத்து அட்டைப் பெட்டியில் படுக்கவைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையோடு வைக்காதீர்கள். மைதாக் கூழில் ஒட்டியதை ராமபாணப் பூச்சி தேடிவரும், அதனால்தான் முன்னே ஃபெவிகால் என்றேன். பெட்டியில் வசம்புத் துண்டு நாலு போட்டுவையுங்கள், ஏட்டுச்சுவடிக்குப் பெரியவர்கள் செய்ததுதான்.

மிச்சத் துண்டையெல்லாம் என்ன செய்ய, கூட்டித் தள்ளிரலாமா?

ஐயோ, வேண்டாம். ஜவுளிக் கடையில் வேட்டி வரும் தட்டைப் பெட்டி கேட்டால் கொடுப்பார்கள். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு இரண்டு, மண் நிறத்துக்கு ஒன்று என்று பிரித்துப் போடுங்கள். விரல்நகம் அளவு துண்டுகூட நாரைக்குக் கண் ஆகும்.